வடிவழகி இரண்டான கதை

ஒரு காட்டில், அந்தக் காட்டின் ஒற்றையடிப் பாதையில், அந்தப் பாதையில் ஒரு யானை அழுத்திவிட்டுப் போன காலடிப் பள்ளத்தில், வடிவழகி என்று ஓர் அமீபா வாழ்ந்துவந்தாள்.

பெயர்தான் வடிவழகி. வடிவம் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றும் கிடையாது. காலையில் பார்த்தால் கொட்டிப்போன மோர் மாதிரி இருப்பாள். மதியம் பார்த்தால் வேறொருவர் கொட்டிய மோர் மாதிரி இருப்பாள். உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல். யானைக்கெல்லாம் கோடி கோடியாக இருப்பதில் அவளுக்கு ஒன்றுதான். வீடும் அதுதான், வீட்டுக்காரியும் அதுதான்.

வெளியே மெல்லிய சவ்வு. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். உள்ளே சைட்டோபிளாசம் என்ற கூழ். கூழுக்குள்ளே உட்கரு. வடிவழகியாக இருப்பது எப்படி என்ற குறிப்பு முழுவதும் அதற்குள் பத்திரமாக இருந்தது. அருகில் ஒரு குமிழ். உடம்புக்குள் கசிந்து வரும் அதிகப்படி நீரை நாள் முழுக்க இறைத்து வெளியே கொட்டுவது அதன் வேலை. பசித்தால் தோன்றிய பக்கம் ஒரு காலை நீட்டுவாள், எதிரே வரும் பாக்டீரியாவை வளைத்துப் பிடிப்பாள், பிடித்த இடமே வயிறாகிவிடும். சாப்பிட்டு முடித்ததும் காலும் காணாமல் போகும், வயிறும் காணாமல் போகும். பாத்திரம் கழுவும் தொல்லை இல்லாத குடித்தனம்.

அப்படிப்பட்ட குடித்தனத்துக்கு முந்தாநாள் கேடு வந்தது. பள்ளத்தை உண்டாக்கிய அதே யானை திரும்பி வந்து, தாகம் என்று துதிக்கையை விட்டு ஓர் உறிஞ்சு உறிஞ்சியதில் வடிவழகியின் சொந்தபந்தம் மொத்தமும் யானையின் வயிற்றுக்குள் போய்விட்டது. அடிச்சேற்றில் ஒட்டிக்கிடந்ததால் இவள் ஒருத்தி மிஞ்சினாள். மிஞ்சிய தண்ணீரையும் வெயில் குடிக்கத் தொடங்கியிருந்தது.

பள்ளத்தின் விளிம்பில் குடியிருந்த தவளை பச்சையம்மா எட்டிப் பார்த்தாள்.

"வடிவு, இன்னும் பத்து நாள் தாங்காது இது. அப்புறம் நீ சேத்துல ஒரு கறை, அவ்வளவுதான். பேசாம பெரிய ஏரிக்குப் போயிரு."

"போகலாம்க்கா. கரையில நண்டு நிக்குதே. அனுமதிச்சீட்டு இல்லாம ஒரு சொட்டுத் தண்ணியக்கூட உள்ள விடாதாமே."

"சீட்டு வாங்கிக்குவோம். நானும் அப்படி வாங்கினவதான். கைக்கு வர மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா?"

"எனக்கு அவசரமில்ல. உனக்கு அவசரம்னு சொல்லிப் பார்ப்போம்."

மறுநாள் காலையில் பச்சையம்மா ஒரு புரச இலையைக் கிண்ணமாக மடித்து, அதில் பள்ளத்துத் தண்ணீரை ஒரு கை மொண்டு, வடிவழகியை அதில் இருக்கச் செய்து, குடியேற்ற அலுவலகத்துக்குத் தாவிக்கொண்டு போனாள்.

அலுவலகம் ஒரு மருதமரப் பொந்து. வாசலில் மரங்கொத்தி உட்கார்ந்து, அந்த மரத்து இலையையே பறித்து, அலகால் துளைபோட்டு, டோக்கன் என்று கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே எழுத்தர் செதில்நாதன். அவர் அழுங்கு இனத்தவர். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். அவர் இனத்துக்கு ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது வழக்கம். இவரைப் பொறுத்தவரை ஆபத்து என்பது யாராவது கேள்வி கேட்பது.

வடிவழகிக்கு முன்னால் இரண்டே பேர். ஒரு பச்சோந்தி நின்றது. "படத்துல பச்சையா இருக்கீங்க, நேர்ல மஞ்சளா இருக்கீங்க. எந்த நிறம்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்று அதைத் திருப்பி அனுப்பினார். அடுத்து ஒரு சாரைப்பாம்பு. போன வாரம் தோல் உரித்ததாம். "பழைய தோலைக் கொண்டாங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். "எலி இழுத்துட்டுப் போயிருச்சு சார், எங்க போய்த் தேடுறது?" என்று பாம்பு கேட்டதும் சுருண்டுகொண்டார். பாம்பு போன பிறகுதான் விரிந்தார்.

பச்சையம்மா இலைக்கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். செதில்நாதன் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பேரு?"

"வடிவழகி, சார்."

"அப்பா பேரு?"

"அப்பான்னு யாரும் இல்ல சார். எங்க வழியில அது வழக்கமில்ல."

"அம்மா பேரு?"

"வடிவழகி."

"உங்க பேரைக் கேக்கல. அம்மா பேரு."

"அதுவும் வடிவழகிதான் சார். அம்மாவோட ஒரு பாதி நான்."

"அம்மா உயிரோட இருக்காங்களா?"

"இல்ல சார்."

"இறந்துட்டாங்களா?"

"அதுவும் இல்ல. ரெண்டாயிட்டாங்க."

செதில்நாதனின் முதுகுச் செதில்கள் லேசாக எழுந்து அடங்கின. அடுத்த கட்டத்துக்குப் போனார். அடையாளக் குறி? உட்கரு ஒன்று இருக்கிறது என்றாள். மச்சம் என்று எழுதிக்கொண்டார். கைரேகை? ஒரு காலை நீட்டி ஒற்றினாள். சரியாக விழவில்லை, இன்னொரு முறை என்றார். அதற்குள் அந்தக் கால் உள்ளே போய்விட்டதால் வேறு பக்கத்தில் புதிதாக ஒன்றை நீட்டினாள். இரண்டையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி. எல்லாத்துக்கும் ரெண்டு பிரதி வேணும்."

இந்த இடத்தில்தான் வடிவழகிக்கு நடு உடம்பில் ஒரு மாதிரி இழுத்தது.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். குட்டை வற்ற வற்ற, கஞ்சி இறுகுவதுபோலத் தண்ணீரில் பாக்டீரியா அடர்ந்திருந்தது. ஏரிக்குப் போகும் பயத்தில் நேற்று முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உட்கருவுக்குள் இருந்த குறிப்புகள் எல்லாம், குரோமோசோம் ஒன்று விடாமல், ராத்திரியே இரண்டிரண்டாகப் படியெடுக்கப்பட்டுவிட்டன. இனி அவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

"அக்கா, எனக்கு வருது" என்றாள் மெதுவாக.

பச்சையம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இங்கயா? கொஞ்சம் பொறுத்துக்கடி. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

வடிவழகி பொறுத்துத்தான் பார்த்தாள். உடம்பை உருட்டி இறுக்கினாள். வேறு எதையாவது நினைத்தாள். உட்கரு நீண்டு, இரண்டு நுனிக்கும் விலகி, இரண்டாகிவிட்டது. இடுப்பு என்று இதுவரை இல்லாத ஓர் இடம் உண்டாகி, அது நூலாக இளைத்து, சத்தமே இல்லாமல் அறுந்தது.

செதில்நாதன் பேனாவை மையில் தொட்டு எடுத்துக் குனிந்தபோது கிண்ணத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இனி எந்த வடிவழகியோடு போவது என்று நமக்குக் குழப்பம் வரக்கூடாது. இடப்பக்கத்தவளோடு போவோம். மேற்கொண்டு உடைந்தாலும் இடப்பக்கம்தான்.

இடப்பக்கத்து வடிவழகிக்கு முதலில் தோன்றியது, உடம்பு லேசாக இருக்கிறதே என்பது. அடுத்துத் தோன்றியது, தண்ணீர் இறைக்கும் குமிழைக் காணோமே என்பது. அது வலப்பக்கத்தவளிடம் போயிருந்தது. சற்று எரிச்சலோடு புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளத் தொடங்கினாள். பிறகுதான் எதிரில் இருந்தவளை நன்றாகப் பார்த்தாள். தான் வெளியிலிருந்து பார்க்க இப்படியா இருக்கிறோம் என்று அவளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அவ்வளவு மோசமில்லை என்று பட்டது.

"இதுல விண்ணப்பதாரர் யாரு?" என்றார் செதில்நாதன்.

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

"அசல் யாரு, நகல் யாரு?"

"நகல்னு யாரும் இல்ல சார். ரெண்டும் அசல்தான்."

"டோக்கன் ஒண்ணு. விண்ணப்பம் ஒண்ணு. ஆள் ரெண்டு. எப்படிம்மா?"

இடப்பக்கத்தவள் யோசித்தாள். குட்டையில் இன்னும் ஒன்பது நாள் தண்ணீர் இருக்கிறது. சீட்டு ஒருத்திக்குத்தான் கிடைக்கும். "சரி, நீ போ. நான் இருந்துக்கிறேன்" என்றாள் எதிரில் இருந்தவளிடம்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் அவள். சொன்னது பொய்யில்லை. உள்ளே இருந்த குறிப்பு ஒன்றுதானே.

இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கொஞ்ச நேரம் போனது. செதில்நாதன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"விண்ணப்பிச்ச வடிவழகி இப்ப இல்ல. நீங்க ரெண்டு பேரும் அவங்க வாரிசு. அப்படின்னா அவங்க இறப்புச் சான்றிதழ் வேணும்."

"அவங்க இறக்கலையே சார்" என்றாள் பச்சையம்மா.

"உடல் எங்க?"

"உடல் இவங்கதான்."

"உடல் இல்லாம இறப்பு இல்ல. இறப்பு இல்லாம வாரிசு இல்ல. சரி, சொத்தைப் பாகம் பிரிச்சுக்கிட்டீங்க இல்ல, பாகப்பிரிவினைப் பத்திரமாவது இருக்கா?"

"உட்கருவைச் சரிபாதியாப் பிரிச்சோம் சார். கூழ் மட்டும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். குமிழை இவதான் வச்சுக்கிட்டா" என்றாள் இடப்பக்கத்தவள்.

"வாயால சொன்னா ஆச்சா? பத்திரத்தோட நாளைக்கு வாங்க."

"பத்திரம் யார்கிட்ட வாங்கணும் சார்?" என்று பச்சையம்மா கேட்டதும் அவர் சுருண்டுகொண்டார்.

மறுநாள் நான்கு பேராக வந்தார்கள். பத்திரம் இல்லை. நான்கு தனி விண்ணப்பம் போடுங்கள் என்றார். அதற்கு மறுநாள் அவற்றை எட்டுப் பேர் எடுத்துவந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பெயர், ஒரே மச்சம். ஆள்மாறாட்டம் இல்லை என்று எட்டுப் பேரும் மற்ற ஏழு பேருக்காக எழுதித் தர வேண்டும் என்றார். எழுதி முடிப்பதற்குள் பதினாறு. கோப்பு தடித்தது. மரங்கொத்தி டோக்கனுக்காக மேல்கிளைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் இப்படியே போயின. எட்டாம் நாள் காலையில் வடிவழகிகள் இருநூற்று ஐம்பத்தாறு. பள்ளத்தில் தண்ணீர் ஒரு விரல்கூட இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மூழ்கிக்கிடக்கத்தான் இடமில்லை. நம் வடிவழகி விளிம்பில் கிடந்தபோது முதுகில் காற்று பட்டது. இதுவரை அவள் உடம்பில் காற்று பட்டதில்லை. சவ்வு சுரீர் என்று இழுத்தது. பயந்து உள்ளே நெளிந்து போனால், உள்ளே இருந்த அத்தனை பேரும் அதே பயத்தோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாக இருந்தபோது ஒரு பயம். இப்போது இருநூற்று ஐம்பத்தாறு பயம்.

"சாப்பிடுறதை நிறுத்திட்டா உடையாம இருக்கலாமோ?" என்று கேட்டாள்.

"நிறுத்தினா செத்துப்போவோம்" என்றாள் பக்கத்தில் கிடந்தவள். அதுவும் அவள் யோசித்திருந்ததுதான்.

பத்தாம் நாள் பச்சையம்மா பள்ளத்தில் மிஞ்சியதை வழித்து எடுத்தபோது இலைக்கிண்ணத்தில் தண்ணீரைவிட வடிவழகிகள் அதிகம். மேசையில் வைத்தாள். செதில்நாதன் எண்ணி முடிக்க மதியமாகிவிட்டது.

"ஆயிரத்து இருபத்து நாலு பேரு. போய் ஆளுக்கொரு டோக்கன் வாங்கிட்டு வாங்க."

வெளியிலிருந்து மரங்கொத்தி கத்தியது. "இலை தீந்துபோச்சு சார். மரம் மொட்டை."

அப்போது தடதடவென்று மண் அதிர்ந்தது. மருதமரத்து நிழலில் தினமும் மதியம் தூங்குவது குடியேற்ற அதிகாரி துரைக்கண்ணுவின் வழக்கம். அவர் ஒரு காட்டெருமை. இன்று படுத்தவர்மேல் நேராக வெயில் அடித்திருக்கிறது. எழுந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஓர் இலைகூட இல்லை.

"நிழல் எங்கேய்யா?" என்றார் பொந்துக்குள் தலையை விட்டு.

செதில்நாதன் சுருளப் பார்த்தார். அதிகாரி மூக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டதால் முடியவில்லை. நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று.

"எத்தனை பேருன்னு சொன்னே?"

"ஆயிரத்து இருபத்து நாலுங்க."

துரைக்கண்ணுவின் முகம் மாறிவிட்டது. "அறிவிருக்கா? ஆயிரம் பேருக்கு மேல இருந்தா அது ஊரு. ஊருக்குத் தண்ணி விடலேன்னா அன்னைக்கே அதிகாரியைப் பதவிய விட்டுத் தூக்கலாம்னு விதியில இருக்கு. ஒம்பதாவது பக்கம். பாத்ததில்லையா?"

"நான் ஒருத்தர் விண்ணப்பிக்கிற பக்கத்தைத்தாங்க பார்த்துக்கிட்டிருந்தேன்."

அதிகாரி இலைக்கிண்ணத்தின் பக்கம் திரும்பினார். குரல் பாலாக மாறியிருந்தது. "தாய்மார்கள் எல்லாரும் சௌக்கியந்தானே? சிரமப்பட்டு இங்க வரணுமா? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"பத்து நாளா வர்றோம் சார்" என்றார்கள் ஆயிரத்து இருபத்து நாலு பேரும். கூட்டமாகச் சொன்னதால் அவர் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. துரைக்கண்ணு ஏரிக்கரைக்கு ஓடினார். கொம்பைத் தரையில் ஊன்றி, ஏரியிலிருந்து யானைக்காலடிப் பள்ளம் வரைக்கும் ஒரே மூச்சில் வாய்க்கால் கீறிக்கொண்டே வந்தார். கரையில் காவலுக்கு நின்ற நண்டு, ஆட்களை ஏரிக்குள் விடாமல் தடுப்பது பற்றித்தான் அறிந்திருந்தது. ஏரியே ஆட்களைத் தேடிப் போனால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கொடுக்கைத் தூக்கியபடி நின்றது. பொழுது சாய்வதற்குள் பள்ளம் ததும்பியது. பச்சையம்மா கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

குளிர்ந்த நீர் நான்கு பக்கமும் சூழ்ந்ததும் நம் வடிவழகி ஐந்தாறு கால்களை ஒரே நேரத்தில் நீட்டிப் பார்த்தாள். எதுவும் யார்மேலும் இடிக்கவில்லை. குமிழ் நிம்மதியாக இறைக்கத் தொடங்கியது. பத்து நாளில் முதல்முறையாக அவளுக்குத் தூக்கம் போல ஏதோ ஒன்று வந்தது.

அடுத்த வாரம் அந்தப் பள்ளத்தின் கரையில் பாராட்டு விழா நடந்தது. கரைமேல் ஒரு பாறையில் துரைக்கண்ணு ஏறி நின்று, ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பத்து நாள் பொறுப்போடு நிறுத்திவைத்து, அதிலிருந்து ஓர் ஊரையே உருவாக்கிய எழுத்தர் செதில்நாதனைத் தலைமை எழுத்தராக உயர்த்துவதாக அறிவித்தார். இதேபோல எல்லா விண்ணப்பங்களையும் நிறுத்திவைத்தால் காடு எங்கேயோ போய்விடும் என்றார். பச்சோந்தியும் சாரைப்பாம்பும் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

செதில்நாதனைப் பேசச் சொன்னார்கள். "இதை எப்படிச் சாதிச்சீங்க?" என்று யாரோ கேட்க, அவர் அப்படியே சுருண்டு பாறையிலிருந்து உருண்டு தண்ணீரில் விழுந்தார். அடக்கமான மனிதர் என்று எல்லோரும் கால் தட்டிப் பாராட்டினார்கள்.

நீதி: அலுவலகத்துக்குத் தனியாளாகப் போகாதே, முதல் நாளே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், வரிசையில் நிற்கும்போது இரண்டாக உடைந்துகொள். உடைய வராத உடம்புக்காரர்கள் அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்.