தாழ்ப்பாளுக்கு முன்னால் ஒரு விளக்கவுரை

வக்கீல்களைப் பற்றி இங்கே பேச்சில்லை; அவர்கள் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள். வக்கீல் அலுவலகத்தில் பதினோரு மாதம் டைப் அடித்துவிட்டு வெளியே வந்து, மிச்ச ஆயுளெல்லாம் சட்டச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லித் திரிகிற பிரகிருதி ஒன்று உண்டே, அதைச் சொல்கிறேன். 'வரையறை' என்று வைத்துக்கொள்வோம்.

வரையறையிடம் "இது உங்க வீடா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உரிமை வேறு, அனுபவம் வேறு என்று ஆரம்பித்து, உங்கள் காலில் கிடக்கும் செருப்பு உங்களுடையதுதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்வரை விடமாட்டார். குடையைக் காணோம் என்றால், எடுத்தவனுக்குத் திருடும் எண்ணம் இருந்ததா என்பார். மழை நின்றுவிடும்.

போன வாரம் அவர் தங்கை குளியலறையில் மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. பத்து மணிக்கு வேலைக்கான இன்டர்வியூ. மணி ஒன்பது பத்து.

"அண்ணா, கதவத் திற."

"பதறாத. ஒரு பக்கம் போகவிடாம மறிச்சா அது தடுத்தல். எந்தப் பக்கமும் விடலேன்னா அடைத்துவைத்தல். ஜன்னல் இருக்கா?"

"கை மட்டும் போகும்."

"அப்ப அடைத்துவைத்தல்தான். தண்டனை ஜாஸ்தி." குரலில் அப்படியொரு பூரிப்பு. "ஆனா அடைச்சது யாரு? தாழ்ப்பாள். கம்பெனியே சட்டத்துல ஒரு நபர்னா, தாழ்ப்பாள் ஏன் நபரா இருக்கக் கூடாது?"

பக்கத்து வீட்டார் கூப்பிட்டனுப்பிய தச்சர் உளியோடு வந்தார். வரையறை கதவை மறித்து நின்றார்.

"உள்ள இருக்கறவங்க சம்மதம் வேணும்."

"உடைங்க," என்றது கதவு.

"பயத்துல குடுக்கற சம்மதம் செல்லாது."

"பயமில்லண்ணா. கோவம்."

"அப்ப நிதானத்தோட குடுத்ததுன்னு எப்படி எடுத்துக்கறது?"

தச்சர் நெற்றியைச் சொறிந்தார். "சார், ஒரு சந்தேகம். இப்ப நீங்க என்னை மறிச்சு நிக்கறீங்களே, இது தடுத்தலா, அடைத்துவைத்தலா?"

இருபது வருடத்தில் அவரிடம் யாரும் தானாக வந்து சந்தேகம் கேட்டதில்லை. வரையறைக்குக் கண் கலங்கிவிட்டது. "உட்காருங்க, சொல்றேன்," என்று நாற்காலி எடுக்க உள்ளே போனார். தச்சர் உளியால் இரண்டே அடி. தாழ்ப்பாள் தெறித்தது. தங்கை ஈரத் தலையோடு ஓடினாள்.

சிரித்தீர்கள், சரி. அவளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கத் தோன்றியதா உங்களுக்கு? இல்லை. தச்சர் திரும்பிப் போக வழி இருந்ததே, அதனால் அது தடுத்தல்தான் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

கிடைத்தது. நீங்கள் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பேன்.