கேபாவை நைரோபிக்கே மாற்றிவிடு

ரியங்கோரி மேடு,
மழை விட்ட திங்கட்கிழமை.

அன்பும் பாசமும் மிக்க தம்பி எசேக்கியாவுக்கு, உன் அண்ணன் சாப்லோன் எழுதுவது. இங்கே நானும், உன் அண்ணி போசிபோரியும், பசுவும், போன மாதம் அது ஈன்ற கன்றும் கர்த்தருடைய தயவால் சுகமாக இருக்கிறோம். அதுபோல நீயும், முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் உன் மனைவியும், ஓய்வுநாளில் கோயிலுக்குப் போகிறார்களோ படுத்துத் தூங்குகிறார்களோ என்று எனக்குத் தெரியாத உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "கேபா" என்று வாயைத் திறந்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது என்பதால் எழுதி, பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் இதுதான். என் மகன் கேபாவை எப்படியாவது நைரோபிக்கே மாற்றிவிடு. நைரோபியில் இடம் இல்லையென்றால் ஒட்டகம் மேய்க்கிற வடக்குப் பாலைவனத்துக்கு மாற்று. அதுவும் முடியாதென்றால் கடலுக்குள் ஏதாவது தீவு இருந்தால் அங்கே போடு. இந்த ஊரில் மட்டும் அவன் தண்ணீர் அதிகாரியாக இருக்க வேண்டாம்.

முன்பெல்லாம் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்று யோசித்துப் பார். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் எல்லோரும் சேர்ந்து நைரோபியைத் திட்டுவோம். நைரோபி எங்கேயோ இருந்தது, அதன் காதில் எதுவும் விழாது, திட்டி முடித்து அவரவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிடுவோம். அப்புறம் அந்த நைரோபி அரசாங்கத்தைப் பிய்த்து மாவட்டம் மாவட்டமாகப் பங்கு போட்டார்கள். ஆஸ்பத்திரி, சாலை, தண்ணீர் எல்லாம் இனிமேல் உங்கள் கைக்குப் பக்கத்தில் என்றார்கள். மைதானத்தில் காளை அடித்துச் சோறு போட்டார்கள், நானும் தின்றேன், இந்த வயதில் கொஞ்சம் ஆடினேன் என்றும் சொல்கிறார்கள். நீ வேலை பார்க்கிற அமைச்சகத்தில் மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்த என் பிள்ளையை எங்கள் வட்டாரத்துக்கே தண்ணீர் அதிகாரியாக அனுப்பியபோது, கோயிலில் எழுந்து நின்று நன்றி ஜெபம் பண்ணச் சொன்னவனும் நான்தான். போதகருக்கு ஒரு குலை வாழை வேறு கொடுத்தேன். அந்தக் குலையைத் திருப்பிக் கேட்கலாமா என்று இப்போது யோசிக்கிறேன்.

மழைக்காலம் ஆரம்பித்ததும் இடி விழுந்து ஆற்றங்கரை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்சாரம் இல்லை, பம்பு ஓடவில்லை, மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அன்றோடு என் வாழ்க்கையும் இறங்கிவிட்டது. இப்போது யாரும் நைரோபியைத் திட்டுவதில்லை. எதற்குத் திட்ட வேண்டும்? அரசாங்கத்தின் அப்பா வீடு இதோ இருக்கிறதே, சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில், நீலக் கதவு போட்டது! காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்க காலி மஞ்சள் கேன்கள். அவற்றைத் தாண்டித்தான் நான் பால் கறக்கப் போக வேண்டும். வாழைப்பழம் விற்கிற கெமுந்தோ அம்மா இருக்கிறாளே, அவள் தினமும் சந்தைக்குப் போகிற வழியில் நம் வேலி மேல் சாய்ந்து நின்று, "பெரியவரே, அரசாங்கம் எழுந்திரிச்சிருச்சா, இல்ல இன்னும் தூங்குதா?" என்று கேட்பாள். "குளிச்சிட்டு இருக்கான்மா" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படியா! குளிக்கிறாரா? எந்தத் தண்ணியில?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது.

ஓய்வுநாள் ஆராதனையில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "பாறையிலிருந்து தண்ணீர் வரப்பண்ணின ஆண்டவரே" என்று ஜெபிக்கிறார், நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்க்கிறார். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தே ஆமென் சொல்கிறது. மேல்மேட்டுக் கிழவர் ஒருவரின் அடக்கத்துக்குப் போனேன். எல்லோருக்கும் பால் விட்ட டீ வந்தது, எனக்கு வெறும் தம்ளர் வந்தது. "தண்ணி இல்ல மாமா, உங்க பையன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள் ஊற்றுகிறவள். இறந்தவரின் மகன்கூடச் சிரித்துவிட்டான் தம்பி. முப்பது வருஷம் தேயிலை லாரி ஓட்டினேன், இந்தச் சரிவில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை, எனக்கு இந்த மரியாதை.

கேபாவைக் கேட்டால் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறான். ஆள் இளைத்துவிட்டான், உகாலிக் களியை உருட்டுகிறான், வாயில் போடுவதில்லை. "அப்பா, பம்பு எங்களுது. டிரான்ஸ்பார்மர் கரண்ட் கம்பெனியோடது, அவங்களுக்கு மேலிடம் நைரோபி. தொட்டி எம்.பி. நிதியில கட்டினது, அதோட சாவி தண்ணிக் கமிட்டித் தலைவர் இடுப்புல தொங்குது, அவருக்கும் மாவட்டக் கவர்னருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என் கையில இருக்கிறது ஒரு ஸ்பேனரும் பெட்ரோல் இல்லாத மோட்டார் பைக்கும்தான்" என்றான். "அதை ஊர்ல எடுத்துச் சொல்லேன்டா" என்றேன். "சொன்னேன்ப்பா. அப்போ ஸ்பேனரையாவது கொடுன்னு கேக்கறாங்க."

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சிரிப்பில்லை. நம் மருத்துவமனையும் இப்போது மாவட்டத்துடையதுதானே. புதிதாகப் பிரசவ அறை கட்டி, ஊதா வண்ணம் அடித்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அப்போது தண்ணீர்தான் இல்லை. பிரசவத்துக்கு வருகிறவர்கள் அவரவர் தண்ணீரைக் கொண்டு வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள், அவள் வேறு என்ன செய்வாள்? கெமுந்தோவின் மகளுக்கு வலி கண்டபோது கொட்டுகிற மழை. மகளை மோட்டார் பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, கெமுந்தோ ஆற்றில் கேனை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு மேடு ஏறியிருக்கிறாள். பாதி வழியில் சறுக்கி விழுந்து, பாதித் தண்ணீர் சேற்றோடு போய்விட்டது. மிச்சத்தோடு போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, கழுவத் தண்ணீர் இல்லாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம், அது கர்த்தர் செய்தது.

மறுநாள் கெமுந்தோ வந்தாள். நான் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் வேலியில் சாயவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்து, முற்றத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் சிராய்த்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேபா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உன் அண்ணியும் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த சமயங்களில் எனக்கு நல்லது நடந்ததே இல்லை.

அடுத்த சந்தை நாளன்று பார்க்கிறேன், வீட்டிலிருக்கிற அழுக்குத் துணியெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கிளம்புகிறாள். "ஆத்துக்கா?" என்றேன். "ஆறு எதுக்கு? அரசாங்கம் பக்கத்துல வந்திருக்குல்ல" என்றாள். மடாட்டு வேன் நிறைய மேட்டுப் பெண்கள், மடி நிறைய மூட்டைகள், கெமுந்தோ முன் சீட்டில். தடுக்கத்தான் நான் ஏறினேன் என்று கர்த்தர் பேரில் சொல்கிறேன். இறங்கும்போது சோப்புக் கட்டி என் கையில் இருந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை. மாவட்டத் தலைமை அலுவலகம் ஊரிலிருந்து ஒரு தூக்கம் தூங்கி எழுகிற தூரம்தான். வாசலில் பச்சைப் பசேலென்று புல்தரை, அதற்கு நடுவில் குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறது. புல்லுக்கு, தம்பி, புல்லுக்கு! பெண்கள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள். அப்புறம் மூட்டையை அவிழ்த்தார்கள்.

காவலாளி ஓடி வந்தான். "அம்மா, அம்மா! இது அரசாங்கத் தண்ணி!"

"எந்த அரசாங்கம்பா?" என்றாள் உன் அண்ணி, கேபாவின் சட்டைக் கழுத்துக்கு சோப்புப் போட்டபடி.

"மாவட்ட அரசாங்கம்."

"அது எங்களோடதுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க? நகரு, நுரை தெறிக்கும்."

அவன் நகர்ந்தான். கொஞ்ச நேரத்தில் செடிவேலி முழுக்கப் பாவாடைகள், கவர்னர் கார் நிற்கிற இடத்தில் போர்வைகள், கொடிக்கம்பத்தைச் சுற்றியிருக்கிற சங்கிலியில் என்னுடைய, எழுதவே கூச்சமாக இருக்கிறது, என்னுடைய நீண்ட உள்ளாடை. சாலையில் போகிறவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். நான் ஒரு மரத்தின் பின்னால் போய் நின்றேன், மரம் போதவில்லை.

அந்த நேரம் பார்த்து மாடியில் தண்ணீர்த் துறைத் தலைவி வட்டார அதிகாரிகளோடு கூட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள், நடுவில் நம் கேபா. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யார் இவங்க? யார் கூட்டிட்டு வந்தது?" என்றார். கேபாவைப் பார்த்தேன், முகம் வெளிறிவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டால் அவன் வேலை தப்பும். சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்றும் பயம்.

"அது என் அம்மா மேடம்" என்றான். "துவைக்கிறது என் சட்டை. பக்கத்துல இருக்கிறவங்க பேத்தி பிறந்தப்போ கழுவக்கூடத் தண்ணி இல்ல. நான் எழுதி எழுதிக் கேட்டுட்டேன். டிரான்ஸ்பார்மர் கரண்ட் கம்பெனி பொறுப்புன்னு நாம சொல்றோம், பம்பு வச்சிருக்கிறவங்க கேக்கட்டும்னு அவங்க சொல்றாங்க. அவங்க ஆபீஸ் எதிர்ப்பக்கம்தான் இருக்கு மேடம். ரோட்டைத் தாண்டி யாரும் போனதில்ல."

அந்த அம்மா புல்தரையைப் பார்த்தார், கெமுந்தோவின் முழங்காலைப் பார்த்தார், என் உள்ளாடையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு, குதிகால் உயர்ந்த செருப்போடு ஈரப் புல்லில் நடந்து, தானே ரோட்டைத் தாண்டினார். கேபா பின்னால் ஓடினான். துணி காய்வதற்குள் எஞ்சினியர் ஒருவரோடு திரும்பி வந்தார்கள். அந்த வாரக் கடைசியிலேயே புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்தது. தொட்டிச் சாவிக்காரர் தன்னை மேடையேற்றிப் பேச விட்டால்தான் திறப்பேன் என்றார், பேச விட்டோம், அவர் பேசி முடிப்பதற்குள் கெமுந்தோ கல்லால் பூட்டை உடைத்துவிட்டாள். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, அப்புறம் தெளிந்தது. மருத்துவமனைக் குழாயைத் திறந்துவிட்டு நர்ஸ் அழுதாளாம்.

பிறகு என்ன குறை என்று நீ கேட்பாய். குறையே அதற்கு அப்புறம்தான். துணி துவைத்தால் காரியம் நடக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துபோய்விட்டது. இப்போது சாலைப் பள்ளத்துக்கும் என் வீடுதான், தெருவிளக்குக்கும் என் வீடுதான், நாய்க்கு ஊசி போடவும் என் வீடுதான். அது வேற துறை என்றால், "அதெல்லாம் உங்க வீட்டம்மா பாத்துப்பாங்க" என்கிறார்கள். துறைத் தலைவி கேபாவைப் பார்த்தால் சிரிக்கிறாராம், அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று அவனுக்கே விளங்கவில்லை. என் உள்ளாடைப் படம் போனில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே தம்பி, பெரியவர்கள் காலைப் பிடித்தாவது, உன் பழைய மின்விசிறிக்குக் கீழேயே என் பிள்ளைக்கு ஒரு நாற்காலி பார்த்துக் கொடு. திட்டு தூரத்தில் விழட்டும், நாங்கள் கிழவனும் கிழவியும் அமைதியாக டீ குடிக்கிறோம்.

உன் வீட்டில் அடுப்பு அணையாமலும், உன் பிள்ளைகள் படிப்பில் பின்தங்காமலும், உன் மனைவியின் முழங்கால் மறுபடி நன்றாக மடங்கவும் கர்த்தர் அருள் செய்வாராக.

இப்படிக்கு, உன் மீது பாசமும் கொஞ்சம் கோபமும் உள்ள அண்ணன்,
சாப்லோன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. இரண்டு நாளாக என்ன எழுதுகிறாய் என்று உன் அண்ணி கேட்டாள், சொன்னேன், நான் செய்த தப்பு. அரை மணியில் மேட்டுப் பெண்கள் அத்தனை பேரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கெமுந்தோ பேத்தியைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, "பெரியவரே, கேபாவை மாத்தினா புதுசா ஒருத்தன் வருவான். அவனோட அம்மா வீடு எங்க இருக்குன்னு நாங்க எங்க போய்த் தேடறது?" என்றாள். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. கேபா இதைக் கேட்டுவிட்டு இரண்டாம் தடவை உகாலி வாங்கிச் சாப்பிட்டான். குழந்தை என் கால்சட்டையை நனைத்துவிட்டது. எழுந்து போய்க் குழாயில் அலசிக்கொண்டேன்.