கூடை கவிழ்த்த அடுப்பு

எட்டாம் வகுப்பு படித்த பெண்ணை நம்பிச் சொத்துப் பேச்சில் உட்காரக் கூடாது. அந்தப் பெண் நானே என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆனாலும் அன்றைக்கு நடந்ததில் என் தப்பு பாதிதான், மீதி சட்டத்தின் தப்பு. அடுப்பை எட்டிப் பார்த்துச் சொத்துப் பிரிக்கிற சட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. (எழுதியவன் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான். ஒரு நாளாவது அடுப்பு ஊதியிருந்தால் அதை நம்பியிருக்க மாட்டான்.)

புதுக்கோட்டையில் ராஜா ஆண்ட காலம் அது. ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். என் ஆத்தாவுக்கும் சின்னாத்தாவுக்கும் மட்டும் தனித்தனி அடுப்பு. மணமேல்குடிக் கருவாட்டில் வைத்த குழம்புக்குப் புளி போதுமா போதாதா என்று தொடங்கிய சண்டை, போகப் போக வயல், மாடு, நெல் குதிர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டது. எழுத்தில் எதுவும் கிடையாது. ஊருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குடும்பத்துக்குக் கேவலமாம்! விருந்தாளி வந்தால் ஆத்தாவின் அடுப்பின்மேல் பெரிய கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள். யாராவது கேட்டால், "எங்க வீட்டுல ஒரே அடுப்புத்தாங்க" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இந்தப் பயிற்சி.

நான் கல்யாணமாகித் திருக்கோகர்ணத்தில் இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். காரியம் முடிந்து நான் புருஷன் வீட்டுக்குத் திரும்பிய கையோடு சித்தப்பா பேச்சை எடுத்தாராம். "அண்ணனும் நானும் பிரியவே இல்ல. அண்ணனுக்கு ஆம்பளப் புள்ளயும் இல்ல. எல்லாம் எனக்குத்தான வரணும்?"

அப்பாவின் பங்கு வயலை நாற்று நட்டுக் களை பறித்துக் காப்பாற்றியவள் ஆத்தா. அவளுக்கு ஒன்றுமில்லையாம். ஒரே மகளான நான் கணக்கிலேயே இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வண்டியிலேயே ஊருக்குப் போய் இறங்கினேன்.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, ஆத்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு குடும்பமும் சேந்து சமைச்சுச் சாப்பிட்டீங்களா, தனித்தனியாவா?"

ஆத்தா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வெளியாள் ஒருவர் எங்கள் குடும்பத்தைப் பற்றி இப்படிக் கேட்பதா!

"எங்க வீட்டுல எப்பவும் ஒரே அடுப்புத்தாங்க!"

சித்தப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "புள்ள உண்மையச் சொல்லுது பாருங்க. படிச்ச புள்ள!" என்றார். (என் படிப்பை அவர் பாராட்டியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.)

வக்கீல் தலையை ஆட்டினார். "அப்பப் பாகம் பிரியாத குடும்பம். சொத்தெல்லாம் தம்பிக்குப் போகும். இந்தம்மாவுக்குச் சோறும், இருக்க ஒரு எடமும் குடுத்தாப் போதும். தனித்தனியா இருந்திருந்தா, புருஷன் பங்க இவங்க ஆயுசு வரைக்கும் அனுபவிச்சிருக்கலாம்."

"இல்லங்கய்யா, ரெண்டு அடுப்பு! வாங்க, காட்டுறேன்!" என்று சமையற்கட்டுக்கு ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினேன். கீழே அடுப்பே இல்லை. இடித்து அள்ளிவிட்டு, சாணம் போட்டு மெழுகியிருந்தார்கள். மெழுகிய ஈரம்கூடக் காயவில்லை. அந்த ஈரத்திலேயே வழுக்கி விழுந்து, கூடையும் கையுமாகத் திரும்பி வந்தேன்.

"இப்பத்தான ஒரே அடுப்புன்ன?" என்றார் வக்கீல். நான் விக்கி விக்கி அழுதேன்.

ஆத்தா என்னைத் திட்டவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"எம்மக சொன்னது சரிதாங்கய்யா. ஒரே அடுப்புத்தான். அன்னாடம் நாந்தான் ஆக்கிப் போட்டேன். விருந்தாளுக வந்து புகழ்ந்தாங்களே கருவாட்டுக் கொழம்பு, அதுவும் என் கைக்கொழம்புதான். இவளுக்கு எங்கிட்டுப் புளி கரைக்கத் தெரியும்?"

கதவோரம் நின்ற சின்னாத்தா பாய்ந்து வந்தாள். சித்தப்பா கண்ணைக் காட்டினார், இருமினார், காலைக்கூட மிதித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"யாரு கொழம்ப யாரு வச்சதுன்னு சொல்றீங்க? இவங்க கையால நான் ஒரு வாய் தின்னுருப்பேனா? அடுப்புத் தனி, வயலு தனி, மாடு தனி, குதிரு தனி! இன்னைக்குக் காலையில நாந்தானே இவங்க அடுப்ப இடிச்சேன்!"

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் மிச்ச மோரைக் குடித்தார். "பேச்சு முடிஞ்சுச்சு. பாதி இந்தம்மாவுக்கு" என்றார்.

பாதி என்றால் முழு உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசு வரை அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விற்கக் கூடாது. ஆணுக்கு வந்தால் சொத்து, பெண்ணுக்கு வந்தால் இரவல். இதற்கு ஒரு சட்டம், ஒரு வக்கீல், அவருக்கு ஒரு செம்பு மோர்!

மறுநாளே ஆத்தா இடித்த இடத்தில் புது அடுப்புப் போட்டாள். அதன்பின் எந்த விருந்தாளி வந்தாலும் அதில் கூடை கவிழவில்லை. எனக்கு மட்டும் அவசரக்குடுக்கை என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் என் பேத்தியைப் பெண் பார்க்க யாராவது வந்தால், என் மருமகள் முதலில் என் காதோரம் குனிந்து கேட்கிறாள்:

"அத்தை, அவங்க எது கேட்டாலும் நாங்களே சொல்லிக்கிறோம். நீங்க கொஞ்சம் கூடைக்குள்ள இருக்கீங்களா?"