சாந்த்ராகாச்சியில் ஓர் உப்பளம்

சாந்த்ராகாச்சி,
தை 9.

மூத்த அண்ணன் பரமசிவம் அவர்களின் சமூகத்துக்குத் தம்பி மருதமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். கிருஷ்ணம்மாள், முழங்காலைத் தவிர்த்துச் சுகம். அங்கு தாங்களும் மதினியும் நம் உப்பளமும் சுகமாக இருக்க அனுதினமும் திருச்செந்தூரானை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் என்னைப் பேசவிடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் பேசும்போது, தோள்வலியால் இந்த வருஷம் முதல் உப்பைத் தங்களால் வார முடியாது, கங்காணி அனந்த் வாரட்டும் என்றீர்கள். நம் பாத்தியில் பூசை போட்டு முதல் உப்பைப் பலகையால் இழுப்பது என்றைக்கும் நம் வீட்டு ஆள்தான். அப்பாவுக்குப் பிறகு தாங்கள். நான் ஒருத்தன் இருக்கிறேனே என்றேன். "ஏலே, நீ முப்பத்தெட்டு வருசமா யார்டுல ரயில் பெட்டிய எண்ணிக்கிட்டு இருந்தவன். உப்புக்கும் சீனிக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமால?" என்று சிரித்தீர்கள். பின்னால் மதினி சிரித்ததும் கேட்டது. பெட்டி எண்ணியது உண்மை. ஆனால் பத்தொன்பது வயதுவரை பாத்தி மிதித்த கால் அண்ணா இது! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கேயே உப்பு விளைவித்து, பொட்டலம் கட்டித் தங்களுக்கு அனுப்பி, அந்தப் பலகையைக் கையில் வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உப்புக்கு முதலில் கடல் வேண்டுமே. கல்கத்தாவில் எல்லாம் இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. ஆகவே இருபது லிட்டர் கேன் நான்கை எடுத்துக்கொண்டு ரயிலேறி திகா போனேன். கடற்கரையில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று கேன் நிரப்பியதைப் பார்த்து ஒரு கூட்டமே கூடிவிட்டது. திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு ரயில்வே போலீஸ்காரர் கேனைத் தட்டி இது என்ன என்று இந்தியில் கேட்டார். சமுத்திரத் தண்ணீர் என்றேன். அவர் நம்பவில்லை, சாராயம் என்று நினைத்திருக்க வேண்டும், மூடியைத் திறக்கச் சொல்லி ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்ததால் கேன்களை நாலு தடவை இறக்கி ஏற்றவைத்தார். அந்தத் தண்ணீரில் உப்புச் சத்தும் குறைவுதான், கங்கை வந்து கலக்கிற கடல் அல்லவா, நம் தூத்துக்குடிக் கடலுக்கு உறை போடக் காணாது. இருந்தாலும் எண்பது லிட்டரும் சேதமில்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது. ஏற்றியது நான்.

அடுத்தது பாத்தி. பிளாஸ்டிக் விரிப்பில் கடல்நீரை ஊற்றிக் காயவைக்க யாராலும் முடியும், மிதித்துப் போட்ட களிமண்ணில் விளைவதுதானே உப்பு? சாமி பொம்மை செய்கிறவர்களிடம் போய் நல்ல கங்கைக் களிமண் ஆறு மூட்டை வாங்கி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, காலையும் மாலையும் குதிகாலை அழுத்தி மிதித்தேன். அப்பா சொல்வாரே, தரை கண்ணாடி மாதிரி முகம் காட்ட வேண்டும் என்று, அதுவரை விடவில்லை. மூன்றாம் நாள் கீழ் வீட்டு மைத்தி தாதா (இங்கே தாதா என்றால் அண்ணன்), எங்கள் கட்டடத்தின் செக்ரட்டரி, மங்கி குல்லாயுடன் மேலே வந்து பார்த்துவிட்டு, எந்தத் தெய்வத்துக்குச் சிலை செய்யப்போகிறீர்கள் என்று பயபக்தியோடு கேட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே வருணன் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் பாத்தி ஓரத்தில் நாலு செம்பருத்தி, ஒரு சந்தேஷ் இனிப்பு, எரிந்து தீர்ந்த ஊதுபத்தி! கிருஷ்ணம்மாள் சந்தேஷை எடுத்துத் தின்றுவிட்டு, "சாமி குத்தம் வந்தா ஒங்களுக்குத்தான், நான் பிரசாதந்தான் சாப்புட்டேன்" என்றாள்.

உண்மையைச் சொன்னதும் மைத்தி தாதா கோபப்படவில்லை, போட்டிக்கு வந்துவிட்டார். அவர் சொந்த ஊரின் பெயரே காந்தி, மேதினிப்பூர்க் கடற்கரையில் இருக்கிறது. "எங்க பக்கத்துலயும் உப்பு உண்டு மருத்தோமுத்து பாபு. பாட்டன் காலத்துல உப்புத் தண்ணியை அடுப்புல காய்ச்சித்தான் எடுத்தாங்க. இந்த ஈரக் காத்துல வெயிலை நம்பாதீங்க" என்று பெங்காலியில் புத்தி சொன்னார். "காய்ச்சுறது ரசம் தாதா. உப்பு விளையணும்" என்று பதில் சொன்னேன். அவர் மனைவி பௌதிக்குத்தான் (பௌதி என்றால் அண்ணி) உண்மையிலேயே கோபம். உளுந்து மாவை நகை மாதிரி வளைத்து வளைத்துப் பிழிந்து குளிர்காலத்தில் வடகம் போடுவார்கள், அவர்கள் ஊருக்கே அது பெருமை, அதைக் காயவைக்கிற இடத்தில் என் பாத்தி உட்கார்ந்துவிட்டது. பாதி மாடி உப்புக்கு, பாதி மாடி வடகத்துக்கு என்று கோலமாவால் கோடு போட்டுப் பிரித்தோம். கோடு பூனைக்குத் தெரியுமா? அது என் பாத்தியில் இறங்கி, நாலு காலிலும் உப்புத் தண்ணீரைத் தோய்த்துக்கொண்டு, பௌதியின் நெக்லஸ் வடகத்தின்மேல் நடந்து போயிற்று. இரண்டு நாள் என் வணக்கத்துக்கு மறுவணக்கம் கிடையாது.

அதற்கும் அடுத்த வாரம், தண்ணீர் வற்றி நன்றாகக் கெட்டிப்பட்டு வருகிற சமயத்தில், ஜனவரியில் யாரும் கேட்காத ஒரு மழை! நான் குடையோடு ஓடினேன், கிருஷ்ணம்மாள் பாதி நலமான முழங்காலோடு ஷவர் திரையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள், மைத்தி தாதா துர்கா பூஜை பந்தல் துணியோடு வந்தார், என்னோடு பேசாமலிருந்த பௌதி தன் வடகத்தை அப்படியே போட்டுவிட்டு என் பாத்திக்குத் திரையின் நாலாவது முனையைப் பிடித்தார்கள். நாலு பேரும் முக்கால் மணி நேரம் கை உயர்த்தி நின்றோம். "இந்த நிலையில நம்மள ஒங்க அண்ணன் பாத்தா அளத்தையே ஒங்களுக்கு எழுதிவச்சிருவாவ" என்றாள் கிருஷ்ணம்மாள். அவள் என்னைப் புகழ்ந்தது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டும் எனக்கு நினைவில்லை.

அண்ணா, தை ஆறாம் தேதி மத்தியானம் உப்புப் பூத்தது. முதலில் ஆடை மாதிரி மினுமினுவென்று, பிறகு ஓரத்தில் கல் கல்லாக. நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரிடையர் ஆன அன்று மாலை போட்டபோதுகூட நான் அழவில்லை. தரை துடைக்கிற வைப்பரின் ரப்பரைக் கழற்றிவிட்டு மரப்பலகை அடித்து, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் இழுத்தேன். இழுப்பு மறக்கவில்லை. முதுகு தானாக வளைந்தது, மணிக்கட்டு தானாகத் திரும்பியது. கடைசித் துளி வரைக்கும் அதே பாத்தியில் வற்றவிட்டு ஒன்றரைக் கிலோ எடுத்தேன், திகாவிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை என்பதை அந்த அனந்திடம் சொல்லுங்கள். மைத்தி தாதா ஒரு கல்லை வாயில் போட்டு, காய்ச்சிய உப்பு தோற்றது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிருஷ்ணம்மாள் மட்டும், "லேசாக் கசக்குதோ?" என்றாள். வயசானால் நாக்கு அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

இத்துடன் கால் கிலோ பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ருசி பாருங்கள், மதினிக்கும் கொடுங்கள், சிரித்தவர்கள் இரண்டு கல் கூடுதலாகச் சாப்பிடலாம். மாசி முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அனந்த் கையில் பலகையைக் கொடுத்துவிட வேண்டாம். முதல் உப்பை வாரப்போவது தங்கள் தம்பி. தங்கள் தோள்வலி தீரவும், மதினிக்குத் தீர்க்காயுசும், பாத்தி நிறைய வெள்ளையும் வேண்டி, இருவர் பாதங்களையும் தொட்டு வணங்கும்

தம்பி,
ச. மருதமுத்து

பின்குறிப்பு: கடிதம் எழுதி மூன்று நாளாகிவிட்டது. தபாலாபீசுக்குக் கிளம்பப் பொட்டலத்தை எடுத்தேன். மேசையில் காகிதம் இருந்தது, தண்ணீர் இருந்தது, உப்பு இல்லை. மீதி வைத்திருந்த ஜாடியிலும் கஞ்சிதான். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. ஏனென்று தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உப்பு விளைந்ததும் மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை மடை திறந்து வடித்துவிட்டுத்தான் வார வேண்டும், அந்தக் கசப்பு உப்பில் தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைத்துவிடும் என்பது நம் அளத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவ்வளவு தூரம் சுமந்த தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை அண்ணா, அவ்வளவுதான். அனந்தே வாரட்டும், அவன் வேலை தெரிந்தவன். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. கசப்புத் தண்ணீர் வடிக்கிற அன்றைக்கு மடையை மட்டும் என்னைத் திறக்கவிடுங்கள். அனந்துகூட ஒரு நாள் மறந்துவிடலாம். நான் இனி மறக்க மாட்டேன்.