முன்வாசல் வழியாகப் போன நீர்நாய்

ஒரு காட்டில், ஆறு பாதி வருஷம் பனிக்கட்டியாகக் கிடக்கும் வடகோடிக் காட்டில், தோல் கடை ஒன்று இருந்தது. காடு முடிந்து நாடு தொடங்கும் இடத்தில், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு திடலில் அது நின்றது. பழைய நாளில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் இரும்புப் பொறியோடும் கத்தியோடும் வந்தார்கள். பட்டணத்துச் சீமான்களுக்குத் தொப்பி வேண்டியிருந்தது. இப்போது வருகிறவர்கள் இரும்புப் பொறியோடும் கத்தியோடும், மரத்துக்கு மரம் கட்டி வைக்க கேமராவோடும் வருகிறார்கள். பட்டணத்துச் சீமாட்டிகளின் கைப்பைக்கு ஓரம் வைத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. முன்னேற்றம் என்றால் இதுதான். கெட்டும் பட்டணம் சேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காட்டில் கெட்டவர்கள் எல்லாரும் பட்டணம்தான் சேர்ந்தார்கள், தோலாக.

அந்தக் காட்டின் ஆற்றங்கரை வளையில் நீலாயதாட்சி என்ற நீர்நாய் குடியிருந்தாள். போன பனிக்காலத்தில் அவள் புருஷன் மீன் பிடிக்கப் போன இடத்தில் பொறியில் கால் வைத்துவிட்டான். எட்டியப்பன் என்ற பொறிக்காரன் வந்து அவனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனதை அவள் நாணலுக்குள் ஒளிந்திருந்து பார்த்தாள். அழுதாள். நீர்நாய் தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் அழுதாள்.

இந்த வருஷம் அவளுக்கு வந்தது வேறு விதமான கஷ்டம். என்றுமில்லாதபடி அவளுடைய ரோமம் செழித்துவிட்டது. மழையில் நனைந்த கறுப்புக் கல் போல முதுகு மின்னியது. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் பார்க்க லட்சணமாக இருப்பதில் ஆபத்து உண்டு. அந்தக் காட்டில் அதற்கு விலையும் உண்டு.

செய்தியைக் கொண்டுவந்தது மதியழகன் என்ற நரி. நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். இவன் ஆடு கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்டான். கடைக்காரரும் கழுத்தில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அன்றிலிருந்து யார் எந்த வளையில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுப்பது அவன் உத்தியோகம்.

"அக்கா, கேமராவுல உங்க படம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு. எட்டியப்பன் அண்ணே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்க்கிறாரு."

"எதைப் பார்க்கிறாரு?"

"முதுகைத்தான். இப்படி ஒரு முதுகை இந்த வட்டாரத்துலயே பார்த்ததில்லைங்கிறாரு. மொதல் பனி விழுந்ததும் உங்க வாசல்ல பொறி வச்சிடுவாங்க. இடத்தைக் காட்டினது நான்தான், தப்பா எடுத்துக்காதீங்க. வேலைன்னு வந்துட்டா அக்கம்பக்கம் பார்க்க முடியுமா?"

நீலாயதாட்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கும்தானே தோல் இருக்கு, தம்பி. அதுவும் செக்கச்செவேல்னு."

நரி சிரித்துவிட்டு அட்டையைத் தூக்கிக் காட்டினான். "நான் ஸ்டாஃப், அக்கா."

தனக்கும் ஒரு வேலை வாங்கித் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். தோல் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக யாரையும் காட்டிக்கொடுக்கவும் தயாராக இருந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நானாக இருந்தால் தயாராகத்தான் இருந்திருப்பேன். முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று நரி கிளம்பினான். அவளும் பின்னாலேயே போய், கடையின் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே, விறகு அடுக்கின் மறைவில் காத்திருந்தாள்.

கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் வாடிக்கையாளருக்கு. தோல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கம்பளியும் கெட்டிலும் டின் மீனும் வாங்கிப் போகிறவர்கள் அதில் வருவார்கள். பின்வாசல் சரக்குக்கு. சுற்று வட்டாரத்தில் எந்தத் தோல் கடையிலும் இதுதான் வழக்கம். ஸ்டாஃபுக்கு என்று தனி வாசல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே மதியழகன், உத்தியோகத்தில் இருப்பவனுக்குரிய மிதப்போடு, பின்வாசல் வழியாக உள்ளே போனான்.

பின்கட்டில் தோல் உரிக்கிறவன் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நரியைத் தெரிந்த எட்டியப்பன் டீ குடிக்கப் போயிருந்தான். அதற்கு மேல் நான் விவரிக்கவில்லை. எட்டியப்பன் டம்ளரோடு திரும்பி வந்தபோது ஆணியில் அட்டை மட்டும் தொங்கியது.

"முதலாளி, நம்ம மதியழகனைப் போய் உரிச்சிட்டான்."

கடைக்காரர் குலசேகரம் நியாயஸ்தர். ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார். அது முகத்திலும் தெரிந்தது. பிறகு சொன்னார்: "பின்வாசல்ல வந்தா சரக்கு, முன்வாசல்ல வந்தா வாடிக்கை. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான் முறை. ஒரு நரிக்காக மாத்தினா நாளைக்கு யார் நம்பி வருவாங்க?"

ஜன்னலுக்குக் கீழே இருந்த நீலாயதாட்சிக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஓடி ஆற்றில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஆற்றில் பொறி இருக்கிறது, மரத்தில் கேமரா இருக்கிறது, வளைக்கு வழி எட்டியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஓட இடமில்லாதபோதுதான் புத்தி உட்கார்ந்து யோசிக்கும். அவள் யோசித்தாள். யோசித்து முடித்ததும் எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, கடையைச் சுற்றி நடந்து முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

மெஷினில் டோக்கன் எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஆள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அப்போது உள்ளே வந்த எட்டியப்பனுக்குக் கண்ணை நம்பமுடியவில்லை. தேடிப் போக வேண்டிய முதுகு தானாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஒரே எட்டில் வந்து வாலைப் பிடித்தான்.

"எட்டி, கையை எடு" என்றார் குலசேகரம்.

"முதலாளி, இது நீர்நாய்."

"டோக்கன் வச்சிருக்காங்க இல்ல? டோக்கன் வச்சிருக்கிறவங்க வாலைப் பிடிக்கிற வழக்கம் நம்ம கடையில கிடையாது."

எட்டியப்பன் கையை எடுத்தான். முறை வந்ததும் அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கடைக்காரர் கைகூப்பினார்.

"வாங்கம்மா. என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"இதைத்தான்" என்று அவள் தன் முதுகைக் காட்டினாள்.

"உரிச்சுக் கொண்டு வரலையே?"

"முடியை மட்டும் சிரைச்சு எடுத்துக்குங்க. தோல் எனக்கு வேணும். அதுக்குள்ளதான் நான் இருக்கேன்."

குலசேகரம் தாடையைச் சொறிந்தார். தோல் ஒரு தடவைதான் வரும். முடி வருஷா வருஷம் வரும். பரம்பரையாகத் தோல் வியாபாரம் செய்த குடும்பத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே என்று அவருக்கு முன்னோர்கள் மேல் லேசான கோபம்கூட வந்தது.

வெட்டி முடித்தபோது நீலாயதாட்சி வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தாள். பல் கிடுகிடுத்தது. ஒரு சிவப்புக் கம்பளியை அவள் மேல் போர்த்தினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் வெளியே வந்தாள். எட்டியப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். போன வருஷம் தன் புருஷனின் வாலைப் பிடித்த அதே கை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகத்தோடு கூடவே ஒரு பெருமையும் வந்தது. அதை அவளால் தடுக்க முடியவில்லை.

காடு முழுக்கச் செய்தி பரவியது. முதலில் கவரிமான் மட்டும் கூட்டம் போட்டு எதிர்த்துப் பேசியது. "ஒரு முடி போனாலும் உசிரை விடுற பரம்பரை நாங்க. இந்த நீர்நாய் பண்ணின காரியத்தால காட்டோட மானமே போச்சு" என்றது. அடுத்த வாரம் அதுவும் வரிசையில் நின்றது. யாரோ கேட்டதற்கு, "பரம்பரை வேற, டோக்கன் வேற" என்றது. கம்பளி தன் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று மாற்றியும் வாங்கிக்கொண்டு போனது.

பனி கொட்டும் காட்டில் எட்டியப்பன் பொறிகளைப் பார்த்துக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் மொட்டையாகக் கம்பளி போர்த்திக்கொண்டு, "சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள். பொறியை ஓரமாக வைக்கும்படியும், நடக்க இடைஞ்சலாக இருப்பதாகவும் சொன்னார்கள். அவன் கத்தியைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோல் எடுத்தான். கடையின் நாவிதன் ஆனான். கையில் தொழில் இருக்கிறவன் எங்கும் பிழைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு சங்கடம்தான். ரோமம் இல்லாத நீர்நாய் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் விறைத்துச் செத்துப்போகும். அந்த ஆற்றில் தண்ணீர் எப்போதுமே குளிர்ந்திருக்கும். நீலாயதாட்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்து, கீழே மீன்கள் போவதைப் பார்ப்பாள். பசி வந்தால் கடைக்குப் போய் டின் மீன் வாங்கிச் சாப்பிடுவாள். அதற்கு ஈடாக வருகிற வருஷத்து முடியை இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். முதலில் டின் வாடை குமட்டியது. போகப் போகப் பழகிவிட்டது.

அடுத்த பனிக்காலம் நெருங்கியபோது ரோமம் நன்றாக வளர்ந்துவிட்டது. ஒருநாள் மதியம், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் கம்பளியைக் கழற்றிக் கல்லில் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தாள். தண்ணீர் அவளைத் தெரிந்துவைத்திருந்தது. மூழ்கினாள், மல்லாந்தாள், தன் வாலைத் தானே துரத்தினாள். ஒரு மீனைப் பிடித்து, தின்னாமல் விட்டுவிட்டு, மறுபடி பிடித்தாள். இவ்வளவு சந்தோஷம் தனக்குச் சொந்தமாக இருந்ததை எப்படி மறந்தோம் என்று நினைத்தபோது கரையில் ஆள் சத்தம் கேட்டது.

எட்டியப்பன் நின்றிருந்தான். ஒரு கையில் கத்தரிக்கோல். பின்னால் தள்ளுவண்டி, அதில் மெத்தை போட்டிருந்தது. இடுப்பில் பழைய பொறி தொங்கியது. எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"முடி வளர்ந்திடுச்சே, கடைப் பக்கம் வரலையேன்னு முதலாளி கவலைப்பட்டாரும்மா" என்றான் மரியாதையாக. "நடந்து வர சிரமமா இருக்குமேன்னு வண்டி கொண்டாந்தேன்."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றாள். மீன் அவள் வாயிலிருந்து நழுவிப் போனது. பிறகு கரையேறி, உதறிக்கொண்டு, கம்பளியை எடுத்துப் போர்த்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் மெத்தையைச் சரிசெய்தான்.

பாதி வழியில் அவள் கேட்டாள், "புது டின் ஏதாவது வந்திருக்கா?"

"நேத்துதாம்மா வந்துச்சு. பட்டணத்துக்காரங்க ராட்சத வலை போட்டுப் பிடிச்சது. எல்லாம் உங்க ஆத்து மீன்தான்."

"அப்படியா?" என்று நீலாயதாட்சி மனம் குளிர்ந்து சாய்ந்துகொண்டாள். "நம்ம ஆத்து மீனுக்கு ருசியே தனி."

நீதி: பொறியில் மாட்டினால் தோல் போகும், வரிசையில் நின்றால் முடி மட்டும்தான் போகும். ஆகவே குழந்தைகளே, மரியாதையாக நடத்தும் கடையாகப் பார்த்து மொட்டை போட்டுக்கொள்ளுங்கள்.