இபிசா ஓட்டலில் தங்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

இபிசா தீவு, வெள்ளிக்கிழமை

பேரன்புக்குரிய மச்சான் ஒனோஃப்ரே அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பௌலினோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை ரெமெதியோஸும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் கல்யாண நாளை இந்த ஓட்டலில் கொண்டாடலாமா, கேட்கிற காசுக்குத் தகுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன். தகாது.

வாசலிலேயே ஆரம்பித்தது. கழுத்துவரை பச்சை குத்தியிருந்த வரவேற்பாளன் எங்கள் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டையை மாட்டிவிட்டு, "பார்ட்டிக்கு ரெடியா, தலைவரே?" என்றான். "ஓய்வெடுக்க வந்திருக்கோம், தம்பி" என்றேன். "ஓய்வா? அதை ஊர்ல போய் எடுத்துக்கலாமே!" என்று சிரிக்கிறான். அறைக்குப் போனால் குளியலறைக்குச் சுவரே இல்லை, கண்ணாடி! ஒருவர் உள்ளே போனால் மற்றவர் நடைபாதையில் போய் நிற்கிறோம். போகிறவர் வருகிறவரெல்லாம், பெண்டாட்டி சண்டை போட்டு என்னை வெளியே தள்ளிவிட்டாள் என்று நினைத்துத் தோளில் தட்டி ஆறுதல் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விரல்நுனி அளவு கிண்ணத்தில் தக்காளிச் சூப், அதன்மேல் ஒரு பூ. "இது சாப்பிடவா, மோந்து பாக்கவா?" என்று கேட்டேன். "அனுபவிக்க, சார்" என்றாள் பரிமாறிய பெண். அனுபவித்துவிட்டுப் பசியோடு படுத்தேன். கண் அசந்த நேரத்தில் கீழே நீச்சல்குளத்தருகே டம் டம் டம் என்று தொடங்கினார்கள் பாருங்கள், தம்ளரில் போட்டிருந்த என் பல்செட் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது! மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறவன் மனிதனா, மச்சான்? பக்கத்தில் பார்த்தால் ரெமெதியோஸைக் காணவில்லை. பயந்துபோய்க் குளியல் அங்கியோடு கீழே ஓடினேன். அங்கே பீரங்கி மாதிரி ஒன்றிலிருந்து சோப்பு நுரையை என் முகத்தில் அடித்தார்கள். கண் தெரியாமல் தடுமாறிய என்னை நாலு இங்கிலாந்துப் பையன்கள் தூக்கி ரப்பர் வாத்தின்மேல் உட்காரவைத்துக் குளத்தில் தள்ளிவிட்டார்கள். மிதந்தபடியே நுரையைத் துடைத்துப் பார்த்தால், பாட்டுப் போடுகிறவனின் மேடையில் உங்கள் தங்கை! இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, நம் ஊர் ஹோத்தா நடனம் ஆடுகிறாள்! தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குத் தலைகூட நான்தான் சீவிவிடுகிறேன், உங்களுக்கே தெரியும். "ரெமெதியோஸ், கீழ இறங்கு! தையல் விட்டுப்போகும்!" என்று கத்தினேன். "சும்மா இருங்க! வலிக்கவே இல்ல!" என்றாள். அத்தனை கூட்டமும் அவள் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டது. கிழவனை வாத்தில் மிதக்கவிட்டு வேடிக்கை பார்க்கிற இடம் இது. உங்கள் கௌரவத்துக்கு ஒத்துவராது. பணத்தை மிச்சம் பிடித்து வீட்டிலேயே ஆட்டுக்கறி வாட்டிச் சாப்பிடுங்கள்.

பிலார் மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். அக்காவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட,
பௌலினோ

பி.கு.: அடுத்த வெள்ளிவரை நீட்டித்துவிட்டோம். உங்களுக்கும் பக்கத்து அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன், உடனே புறப்படுங்கள். வரும்போது எனக்கொரு நீச்சல் கால்சட்டை வாங்கி வாருங்கள். பூப்போட்டதாக இருந்தால் நல்லது.