டர்போ சார் வண்டியை நிறுத்துகிறார்

செஞ்சி தாலுகாவில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். வண்டியை நிறுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் டர்போ சார். இதை மறுக்கிறவர்கள் அவருடைய காரில் ஒருமுறை பனமலை வரை போய்விட்டு வந்து என்னிடம் பேசலாம்.

பனமலைப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. அதில் நான் கணக்கு டீச்சர், அவர் சமூக அறிவியல். செஞ்சியிலிருந்து தினமும் அவர் காரில்தான் போய்வருவேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலையில்லை. அவர் வீட்டுக்குப் போன் செய்தால் அவருடைய மனைவியே, "டர்போ சார் குளிக்கறாரு, அப்பறம் பேசுங்க" என்றுதான் சொல்வார்.

கார், பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் ஆண்டு அனுபவித்து விற்ற பழைய டர்போ டீசல் கார். டர்போ என்றால் என்னவென்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அவர் விடவில்லை. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறி சுற்றுமாம். அது காற்றை அழுத்தி மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புமாம். அதனால் வண்டிக்கு இழுவை கூடுமாம். விசிறி நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றிப் பழுக்கக் காய்ந்துவிடும். அதைக் காப்பாற்றுவது அதற்குள் ஓடுகிற ஆயில். வேகமாக வந்து படக்கென்று இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோய், உள்ளே தங்கியது கருகிவிடும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நடத்தியிருக்கிறார், இமயமலைக்கும் இமயமலை ஆறுகளுக்கும் நடுவில்.

அதனால் எங்கே போய்ச் சேர்ந்தாலும் டர்போ சார் உடனே இறங்க மாட்டார். நியூட்ரலில் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கண்களை மூடிக்கொள்வார். கார் உறுமிக்கொண்டே நிற்கும். மெக்கானிக்குகள் ஒரு நிமிடம் போதும் என்கிறார்கள். இவருக்கு மனசு கேட்காது, மூன்று நிமிடம் கொடுப்பார். பள்ளியில் பிரேயர் பெல் அடித்துக்கொண்டிருக்கும், தலைமையாசிரியர் கேட்டருகே நின்று முறைத்துக்கொண்டிருப்பார், இவர் கண்ணைத் திறக்க மாட்டார். "சார், அவர் பாக்கறாரு" என்றால், "பாக்கட்டும் டீச்சர். டர்போ போச்சின்னா அவரா மாத்தித் தருவாரு?" என்பார்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காரை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், பின்சீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையோடு ஒரு பெரியவர். ஓடுகிற இன்ஜினைப் பார்த்து ஷேர் வண்டி என்று ஏறிவிட்டார்.

"மேல்மலையனூர் போவுதாப்பா?"

"போவல. டர்போ ஆறுது."

"ஆறட்டும். எனக்கு இன்னா அவசரம்?"

அவ்வளவுதான். தன் தத்துவத்தைக் கேட்டுவிட்டு அவசரமில்லை என்று சொன்ன முதல் மனிதரை டர்போ சார் இறக்கிவிடுவாரா? என்னையும் வாழைப்பழத்தையும் மேல்மலையனூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே போய்ச் சேர்ந்ததும் மூட்டைக்காரரும் இறங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார். நான் ஒருத்திதான் அந்த வண்டியில் கோபமாக இருந்தேன்.

ஆயில் வாங்கப் போகும்போது அவரோடு துணைக்குப் போகக் கூடாது. தெரியாமல் ஒருமுறை போனேன். காரோடு வந்த கையேட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பாடப்புத்தகம் போல வைத்திருப்பார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் வழக்கமான பாட்டைப் பாடினார்.

"சார், வண்டிக்கு வயசாயிடுச்சி. நல்லா கெட்டியான ஆயிலா ஊத்துங்க. சத்தம் கித்தம் இல்லாம கம்முனு ஓடும்."

"கம்முனு ஓடும், அப்பறம் கம்முனு நின்னுடும்" என்றார் டர்போ சார். "காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே ஆயிலு டர்போவுக்குப் போய்ச் சேரணும். நீ குடுக்கற கெட்டி ஆயிலு பொங்கலுக்குக் கெளம்பி தீவாளிக்குத்தான் போய்ச் சேரும். புக்குல இன்னா நம்பர் போட்டுக்குதோ அதக் குடு. முழு சிந்தெடிக். டின்னுக்குப் பின்னால டர்போ டீசலுக்குன்னு போட்டிருக்கணும். கூடவே பில்டரு."

"பில்டரு போன தடவதான மாத்துனீங்க?"

"போன தடவ குளிச்சியே, அந்த அழுக்குத் தண்ணியிலயேவா இந்த தடவயும் குளிக்கற?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதி ஓடுவதற்குள் ஆயிலை மாற்றிவிடுகிற ஆள் இவர். கடைக்காரருக்கு லாபம்தான், ஆனாலும் அவர் முகத்தில் அந்த மகிழ்ச்சி தெரிந்ததில்லை.

இந்த இடத்தில் என் தம்பி குமரன் வருகிறான். திண்டிவனத்தில் மருந்துக் கடையில் வேலை. முப்பத்து நான்கு வயது. வந்த வரன்களில் சில ஜாதகத்தால் போயின, சில என் வாயால் போயின என்று எங்கள் அப்பா, நைனா, சொல்வார். கல்யாணம் தள்ளிப்போகிற பையன்களுக்கு வண்டிப் பைத்தியம் பிடிக்கும். இவனும் ஒரு பழைய டர்போ கார் வாங்கினான். அதற்குப் பெரிய சைலன்சர், இன்ஜினை முறுக்கிவிடுகிற சிப், நீல விளக்கு என்று ஆசைகளைப் போனில் படம் படமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு டர்போ சாரிடம் ஆசி வாங்கப் போனான்.

அவர் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்த சிப்ப போட்டா பவர் ஏறும். ஏறி? பழைய கிளட்ச் தாங்குமா? பழைய டர்போ தாங்குமா? மொதல்ல பிரேக்கப் பாரு. அப்பறம் டயரு. அதுக்கப்பறம் டர்போவுல இருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸு, அது வெடிச்சிருக்கும், மாத்து. ஏர் பில்டர மாத்து. ராத்திரில வழி தெரியறாப்போல ஹெட்லைட்ட மாத்து. இதெல்லாம் முடிச்சிட்டு ஆச மிச்சம் இருந்துச்சின்னா..."

"இருந்தா சார்?"

"கல்யாணம் பண்ணிக்க."

தம்பி பாதி பேச்சைக் கேட்டான். பிரேக்கையும் ஹோஸையும் மாற்றினான், காதைக் கிழிக்கிற அந்தச் சைலன்சரையும் மாட்டினான். அதனால்தான் சீயமங்கலத்தில் பெண் பார்க்கப் போக நாள் குறித்தபோது டர்போ சார் குறுக்கே வந்தார். "அந்த வண்டியிலயா? பொண்ணு பாக்கப் போறியா, நெல்லு அடிக்கப் போறியா? என் வண்டியில வா" என்றார்.

பெண்ணின் பெயர் பூங்கொடி. வந்தவாசியில் நர்ஸ். இருவரும் போனில் ஏற்கெனவே பேசிவிட்டார்கள், பிடித்தும்விட்டது. தம்பி அந்த ஒரு வாரமாகச் சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. இதுவும் கைநழுவினால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அம்மா இல்லாத வீடு. சபையில் பேச வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். தம்பி சட்டை மேல் சட்டையாக மாற்றிக்கொண்டிருந்தான். அவன் தயாரானபோது நைனா பூவை மறந்துவிட்டு வந்து நின்றார். எல்லாம் சேர்ந்து தாமதமாகிவிட, தேசூர் ரோட்டில் டர்போ சார் காரை விரட்டினார். அந்தக் காரால் அப்படிப் போக முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "ஏன் டீச்சர், ஆயிலு சும்மாவா ஊத்தறேன்?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நாலரைக்குக் கொஞ்சம் முன்பாகப் போய் இறங்கிவிட்டோம். ஓட்டு வீடு, சின்ன வாசல், புதுக் கோலம். பெண்ணின் அப்பா கைகூப்பி வரவேற்றார். நைனா, தம்பி, நான் மூன்று பேரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது. அப்படி விரட்டிக்கொண்டு வந்த பிறகு டர்போ சார் லேசில் இறங்குவாரா?

பெண்ணின் அப்பா வாசலைப் பார்த்தார்.

"அவரு டிரைவருங்களா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்குப் பெரிய மனுஷன் மாதிரி" என்றேன். மரியாதையாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு.

"பெரிய மனுஷன் ஏன் எறங்கல?"

டர்போ, விசிறி, ஆயில் என்று சொல்ல ஆரம்பித்தேன். கணக்கு டீச்சர் சொல்கிற காரணம் அவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பஜ்ஜித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா நடுவீட்டிலேயே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடினேன்.

"வாங்க சார், உள்ள வாங்க."

டர்போ சார் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அந்த விரலை ஒடித்துப் போடலாம் போல ஆத்திரம். "சார், நிறுத்துங்க சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். விரல் இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா சொம்போடு அப்படியே நின்றார். பிறகு, கோபம்கூட இல்லாமல் சொன்னார்:

"போன தடவ வந்தவங்களும் இப்டித்தான் சார். வண்டிய ஆப் பண்ணல. ஓட்டு வூட்ட ஒரு பார்வ பாத்தாங்க, தண்ணிகூட குடிக்கல, அப்டியே ஏறிப் போய்ட்டாங்க. எம்பொண்ணு பொடவ கட்டிக்கினு உள்ள உக்காந்துனு இருந்தா. புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. மறுபடியும் அவள உக்கார வெக்காதீங்க."

டர்போ சார் கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தார். சாவியைத் திருப்பிவிட்டார்.

இன்ஜின் நின்றது. தெருவில் ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. நான் அந்தக் காரில் போய்வந்த இத்தனை வருடத்தில், வந்து நின்ற வேகத்தில் அது அணைந்து நான் பார்த்ததே இல்லை.

அவர் இறங்கி, சொம்பை இரண்டு கைகளாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "தண்ணி தித்திப்பா இருக்குதுங்க" என்றார். உள்ளே வந்து பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைக் காலி செய்துவிட்டு, சபையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, சோறு இருக்குதா?"

நைனாவுக்குப் புரையேறியது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடியாமல் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. டிபன், காபியோடு எழுந்துவிட வேண்டும். சோறு கேட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

"இன்னாமா இது, நாம முடிவு பண்ணிட்டமா?" என்று நைனா என் காதில் கேட்டார்.

"அவரு பண்ணிட்டாரு நைனா."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது வரைக்கும் சிரிப்பு. பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அடுப்படிக்கு ஓடினார். பெற்றவர்கள் சரி என்றால் போதுமா? நான் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் பூங்கொடியிடம் கேட்டேன். "உனக்கு இஷ்டம்தானா? இல்லன்னா சொல்லிடு. அவருக்கு நான் ஓட்டல்ல வாங்கிக் குடுத்துக்கறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு சரிக்கா. நீங்களும் சாப்ட்டுத்தான் போவணும்" என்றாள்.

அன்று சோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும். டர்போ சார் மூன்று முறை போட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார்.

திரும்பும்போது டர்போ சார் பாட்டுப் போடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

"சார், அப்படிச் சட்டுனு நிறுத்திட்டீங்களே. டர்போவுக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

"ஒரு தடவைக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது டீச்சர்." கியரை மாற்றினார். "ஆனாத்தான் இன்னா? டர்போ போனா வேற வாங்கிக்கலாம். அந்தப் பொண்ண இன்னொரு வாட்டி உக்கார வெக்க முடியுமா?"

மறுநாளே புது ஆயில் ஊற்றிவிட்டார் என்பது வேறு விஷயம். நாள் ஆகவில்லையே என்று கேட்ட கடைக்காரரிடம், "கல்யாண வூடுப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

தம்பிக்கும் பூங்கொடிக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை. டர்போ சார் இன்னும் என்னைத் தினமும் பள்ளிக்குத் தாமதமாகத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஸ்டாஃப் ரூமில் யாராவது அவரைக் கிறுக்கு என்று சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுகிறேன். அவரைக் கிறுக்கு என்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. வேறு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்ல நான் விட மாட்டேன்.